மலையும் தீவும் கோட்டையும்: ஊவாவில் ஒரு சிறுகுழுப் பயணம்



கூட்டமாகப் பயணம் போவது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற அடியார் கூட்டங்களை நாம் அறிவோம். கூட்டத்தின் முன்னே வேல் தாங்கி ஒருவர் நடப்பார். எந்த ஆற்றில் எப்போது இறங்கலாம், எந்த மடத்தில் இரவைக் கழிக்கலாம், எந்தக் காட்டில் ஓசையின்றிச் செல்லவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வழியிலுள்ள ஊர்களின் கதையும் அவருக்குத் தெரியும். அவர் இல்லையேல் கூட்டம் போய்ச் சேரலாம்; ஆனால், வந்த வழி எது என்பதை அறியாமலே போய்ச் சேரும். இன்று உல்லாசப் பயணத் துறையில் வழிகாட்டி என்று நாம் சொல்லும் மனிதரின் பணியும் அடிப்படையில் இதுவே.

பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்ட சிறு குழுவாக, வழி தெரிந்த ஒருவரின் துணையோடு மலைநாட்டையும் தீவையும் பழங்கோட்டையையும் பார்த்துவரும் பயணங்கள் இப்போது உலகெங்கும் நடைபெறுகின்றன. இதற்குப் பெயர்பெற்ற நாடு ஸ்கொத்லாந்து. எடின்பரோ நகரிலிருந்து சிறிய மோட்டார் வண்டிகள் புறப்பட்டு வடக்கே மலைப்பிரதேசத்துக்கும் ஸ்கை என்னும் தீவுக்கும் போகின்றன. ஸ்கை தீவுக்குச் செல்லும் வழியில், மூன்று கடல் ஏரிகள் கூடுமிடத்தில், எலியன் டொனான் என்னும் கோட்டை நிற்கிறது. 1719 ஆம் ஆண்டில் போர்க்கப்பல்களின் பீரங்கிகளால் தகர்ந்த அக்கோட்டை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்து, 1912 ஆம் ஆண்டுக்கும் 1932 ஆம் ஆண்டுக்கும் இடையில் மீளக் கட்டப்பெற்றது.

அங்கே நல்ல வழிகாட்டி கோட்டையை மட்டும் காட்டி அமைவதில்லை. மலைச்சரிவில் கூரையற்ற கல்வீடுகள் சிலவற்றைச் சுட்டி, "இங்கே மக்கள் வாழ்ந்தார்கள்" என்று சொல்வார். செம்மறியாடு வளர்ப்பது அதிக வருமானம் தரும் என்று கண்ட நிலவுடைமையாளர்கள், பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் இருந்த குடியானவர்களை வெளியேற்றிய வரலாற்றை விளக்குவார். அழகான அந்த மலைகள் ஏன் ஆளரவம் இல்லாமல் இருக்கின்றன என்பது அப்போது பயணிக்கு விளங்கும்.

அதே ஸ்கொத்லாந்திலிருந்து வந்த இளைஞர் பலர் இலங்கை மலைநாட்டில் தோட்டத்துரைகளாயினர். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொத்லாந்துக்காரரே. பதுளைப் பகுதியில் கிளென் அல்பின், ஆப்புத்தளைப் பகுதியில் கிளெனனோர் என ஸ்கொத்லாந்துப் பாணியிலான பள்ளத்தாக்குப் பெயர்களை இன்றும் நம் தோட்டங்கள் தாங்கி நிற்கின்றன. அங்கே மக்களை வெளியேற்றி மலை வெறுமையாக்கப்பட்டது; இங்கே கடல் கடந்து மக்களைக் கொண்டுவந்து மலை நிரப்பப்பட்டது. அங்குள்ள வழிகாட்டி அந்தக் கதையைச் சொல்கிறார். இங்குள்ள வழிகாட்டி இந்தக் கதையைச் சொல்கிறாரா? இன்றைய பேச்சில் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுவே. அதற்காக உங்களை ஊவா மாகாணத்தின் வழியே அழைத்துச் செல்கிறேன்.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் ரயில்பாதை ஏறத்தாழ 292 கிலோமீற்றர் நீளமுடையது. பதுளை வரை அது வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். பட்டிப்பொலை நிலையத்தைத் தாண்டி, சுரங்கம் ஒன்றினூடாக ஒகியாப் பக்கம் வெளிப்படும்போது காட்சி மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. கிழக்குக் கரையோரத்தார் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். யூலை முதல் செப்தெம்பர் வரை இக்காற்று வீசுங்காலத்தில் தேயிலைக் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து, அதில் தனிமணம் ஒன்று ஊறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த மணமே. ரயில் பெட்டியின் வாசலில் நின்று முகத்தில் வாங்கும் காற்றுக்கும் கோப்பையில் பருகும் தேநீருக்கும் உறவு உண்டென்பதை வழிகாட்டி சொன்னால் அன்றி யார் அறிவார்?

முதல் இறக்கம் ஆப்புத்தளை. அங்கே ஊவாவின் 'கோட்டை' ஒன்று இருக்கிறது. அடிஷாம் என்பது அதன் பெயர். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரரான சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சூட்டி, கருங்கல்லால் 1931 ஆம் ஆண்டில் கட்டிமுடித்த மாளிகை அது. இப்போது அது புனித பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக இருக்கிறது. துறவியர் பழப்பாகும் பழரசமும் செய்து விற்கின்றனர். போர் காணாத கோட்டை அது. தேயிலைச் செல்வம் எத்தகைய வாழ்வை ஒருவருக்கு அளிக்க வல்லதாயிருந்தது என்பதற்கு அது கல்லில் எழுதிய சாட்சி. அதற்குச் சில மைல் தொலைவில் தம்பேதன்னைத் தொழிற்சாலை உண்டு. 1890 ஆம் ஆண்டில் சேர் தோமஸ் லிப்டன் கட்டுவித்தது. மாளிகையைக் காட்டும் வழிகாட்டி அதே நாளில் தொழிற்சாலையையும், அதன் அயலிலுள்ள லயத்தையும் காட்டுவாரானால் மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள் என்பது தானே புலப்படும்.

ஆப்புத்தளையை விட்டுத் தியத்தலாவையைக் கடக்கிறோம். 1900 ஆம் ஆண்டில், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட ஏறத்தாழ ஐயாயிரம் போயர் கைதிகள் இங்கே முகாமிட்டு வைக்கப்பட்டிருந்தனர். பின்னர் பண்டாரவளை, எல்ல. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பெற்று 1921 ஆம் ஆண்டில் முடிந்த அப்பாலத்தைப் படம்பிடிக்க இன்று பல நாட்டவரும் குவிகின்றனர். அடுத்து வருவது தெமோதரை வளையம். ரயில்பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் கீழேயே சுரங்கமாகப் புகுந்து செல்கிறது. சரிவை எப்படி இறங்குவது என்று பொறியியலாளர் திகைத்திருந்தபோது கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு இந்த யோசனை பிறந்தது என்றொரு செவிவழிக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதில் ஓர் உண்மை இருக்கிறது. மலையைக் குடைந்து பாதை போட்ட ஆயிரக்கணக்கான கைகளுள் எவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. நினைவில் எஞ்சியது ஒரு தலைப்பாகை மாத்திரமே.

இனிப் பதுளை. பதுளை ஓயா மூன்று பக்கமும் அணைத்தாற்போல் ஓட, மலைகள் நடுவே அமைந்த பழம்பதி இது. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் செனரத்தின் மக்களுள் குமாரசிங்கன் ஊவாவை ஆண்டான். 1630 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவலையில் வளைக்கப்பட்டு மடிந்தான். 1817 ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு எதிராக ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடுத்த ஆண்டில் அடக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயல்கள் எரிந்தன, குளங்கள் தூர்ந்தன, ஊர்கள் பல பாழாயின. ஊவாவின் மேட்டுநிலங்கள் பின்னாளில் கோப்பித் தோட்டங்களாக மாறிய கதை, இந்தப் பாழின் பின்னாலேயே வருகிறது. சிங்கள மக்களின் இந்தத் துயரை அறியாமல் தோட்டத் தமிழரின் துயரைச் சொல்வது பாதிக் கதை சொல்வதாகும். தமிழ் வழிகாட்டிக்கு இரண்டும் தெரிந்திருத்தல் வேண்டும்.

நகரில் முதியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் பரிசுத்த மாற்கு ஆலயமும் பார்க்கத்தக்கவை. மாற்கு ஆலயம், 1845 ஆம் ஆண்டில் ஆப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று அவரைச் சொல்வர். நகருக்கு அண்மையில், அறுபத்துநாலு மீற்றர் உயரத்திலிருந்து புகைபோல் விழும் துன்ஹிந்தை அருவியும், ஆலி எலப் பக்கத்தில் கூரையோடு கூடிய பழைய போகொடை மரப்பாலமும் உள்ளன.

இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் கிடைப்பவை. ஆயின் பதுளையிலிருந்து நமுனுகுலை மலையின் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்று உண்டு. அது நம்மை ஸ்பிரிங்வெளிக்குக் கொண்டுசெல்லும். ஊற்றுப் பள்ளத்தாக்கு என்ற பொருளில் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரின் ஈற்றுச் சொல், நம்மவர் நாவில் 'வெளி' எனத் தமிழாகிவிட்டது. மேலே, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுலை. ஒன்பது சிகரம் என்பது அதன் பெயர்ப்பொருள். கீழே, பதுளையின் கூரைகள். இடையில், மலை முழுவதும் தேயிலை.

இங்கேதான் சிறு குழுவின் பயன் தெரிகிறது. நாற்பது பேர் கொண்ட பெரிய பஸ்வண்டி இந்த வளைவுகளில் எளிதில் திரும்பாது. திரும்பினாலும் நாற்பது பேர் ஒருங்கே லயத்து வாசலில் இறங்கினால் அது பார்வையிடலன்று, படையெடுப்பு. பத்துப்பேர் என்றால் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்கலாம். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கலாம். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலிலும் வழிகாட்டியின் குரல் எல்லார் காதிலும் விழும். முக்கியமாக, பத்துப் பேர் ஒரு வீட்டில் தேநீர் அருந்தலாம். அருந்தும்போது பேச்சு எழும். பேச்சு எழுந்தபின் எதிரே இருப்பவர் காட்சிப்பொருளாக இருப்பது நின்று மனிதராகிவிடுவார்.

ஒரு தோட்டத்தில் பயணி காணத்தக்கது யாது? விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதிலிருந்து நாள் தொடங்குகிறது. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெண்கள் மலைக்கு ஏறுகின்றனர். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து நிறுவைக்கு வருகிறது. பிறகு ஸ்டோருக்குப் போகிறது. அங்கே இரவெல்லாம் காற்றில் வாடி, உருளையில் நசுங்கி, புளித்து நிறம் மாறி, சூட்டில் உலர்ந்து, சல்லடையில் தரம் பிரிகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, ஒரு பெண் ஒரு நாளில் முதுகில் சுமக்கும் கொழுந்து எத்தனை கோப்பைக்குப் போதும் என்று வழிகாட்டி கேட்பாரானால், பயணிகள் தாமே கணக்கிட்டு மௌனமாவர். நீண்ட விரிவுரை வேண்டியதில்லை.

அந்த மௌனத்தில் வழிகாட்டி சொல்லவேண்டிய வரலாறு இது. 1820 களிலிருந்து தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தனர். வழியில் கொள்ளைநோயால் மாண்டவர் பலர். 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, மக்கள் நிலைத்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. ஒரே லயத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் குடியுரிமைக் கேள்விக்கு முடிவு கண்டது. 2023 ஆம் ஆண்டில், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். முன்னோர் நடந்த பாதையில் பேரப்பிள்ளைகள் நடந்த அந்தப் பயணத்தைவிடப் பொருள்பொதிந்த நடைபயணம் இத்தீவில் அண்மையில் வேறொன்று நடந்ததாக நான் கருதவில்லை.

ஆகவே, இந்த மலைகளுக்கு வழிகாட்டி யார்? பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறார். தேயிலையின் தரங்களை ஒப்புவிக்கிறார். கொழுந்து கிள்ளும் பெண்ணைக் கூடையோடு நிற்கவைத்துப் படம்பிடிக்கத் துணைசெய்கிறார். அவள் பெயரைக் கேட்பதில்லை. கேட்கும் மொழியும் அவரிடம் பெரும்பாலும் இல்லை. ஸ்பிரிங்வெளியில் பிறந்து, பதுளையில் படித்து, தமிழும் சிங்களமும் பேசி, ஆங்கிலமும் ஓரளவு கற்ற இளைஞனோ யுவதியோ அந்த இடத்தில் நின்றால் எவ்வளவு வேறுபாடு! உல்லாசப் பயண அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று பலவகை அனுமதிப்பத்திரங்களை வழங்குகிறது. பதுளையிலேயே உள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பும் நடத்துகிறது. கண்டியிலிருந்து ஊவாவின் மலைகளைச் சுற்றி நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெக்கோ நடைபாதை அமைந்திருக்கிறது. பாதை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, நடக்க வருவோர் இருக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பற்றி எடுத்துச் சொல்வார் வேண்டும்.

இவ்வாறு வழிகாட்ட முன்வருவோர்க்கு மூன்று சொற்கள். முதலாவது, அனுமதி. தோட்டத்துக்குள் நுழையத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்குள் நுழைய வீட்டாரின் அனுமதி வேண்டும். படம்பிடிக்கப் படத்தில் இருப்பவரின் அனுமதி வேண்டும். இரண்டாவது, பங்கு. பயணி தரும் பணத்தில் ஒரு பகுதி தேநீர் தந்த வீட்டுக்கும் சமைத்த கைக்கும் போய்ச்சேர வேண்டும். மூன்றாவது, அடக்கம். 2014 ஒக்தோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அத்தகைய இடத்தை வேடிக்கைக்குக் காட்டுதல் ஆகாது. ஏன் அந்தச் சரிவில் மக்களைக் குடியிருத்தினர் என்று எண்ணிப் பார்க்கவே அங்கு நிற்கலாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலைநாட்டு ரயில்பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. புறப்படுமுன் ரயில் எதுவரை ஓடுகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டறிவது வழிகாட்டியின் முதற்கடமை. பிற்பகல் மழையையும் அட்டைக்கடியையும் நினைத்து உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோவது அதற்கு அடுத்தது.

தீவு எங்கே என்று நேயர்கள் கேட்கக்கூடும். பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடி வரை செல்லும் பெருந்தெரு ஒன்று உண்டு. பதுளையிலிருந்து அத்தெருவில் இறங்கினால் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா கடந்து, தேயிலை மறைந்து, காடு மறைந்து, வயல்வெளி விரிய, மட்டக்களப்பு வாவிக்கரையை அடைவோம். வாவியின் நடுவே புளியந்தீவு. அத்தீவில் ஒல்லாந்தர் கோட்டை. போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டில் அதைக் கட்டினர். 1638 ஆம் ஆண்டில், இராசசிங்க மன்னனின் துணையோடு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் முதன்முதல் பிடித்த கோட்டை அதுவே. கோட்டையைக் கட்டுவித்த போர்த்துக்கேயத் தளபதி யார் தெரியுமா? இரண்டே ஆண்டுகளின்பின் ஊவாவில் மடிந்த அதே டி சா. அவனை வென்றவர்களுள் ஒருவனான குமாரசிங்கனின் சகோதரனே இராசசிங்கன். மலையில் தொடங்கிய கதை தீவில், கோட்டை மதிலடியில், முடிவு காண்கிறது. ஸ்கொத்லாந்துக்காரர் தம் நாட்டில் மலை, தீவு, கோட்டை என்று கோத்துக் காட்டும் மாலையை நாமும் இங்கே கோக்கலாம். பூக்களுக்குக் குறைவில்லை.

அதிலும் ஒரு சிறப்பு உண்டு. மலையகத் தமிழரும் மட்டக்களப்புத் தமிழரும் ஒரே தெருவின் இரு முனைகளில் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் நன்கு அறியாதவர்கள். வெளிநாட்டார் வரட்டும், அவர்கள் பணமும் வரட்டும். ஆனால் புளியந்தீவுப் பள்ளிக்கூடத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் ஓர் ஆசிரியருடன் ஸ்பிரிங்வெளிக்கு ஏறிவந்து, அங்குள்ள பிள்ளைகளோடு ஸ்டோரைப் பார்த்து, கோயிலடியில் உண்டு, மறுமுறை அவர்களை வாவிக்கு அழைத்துச் செல்வார்களாயின், அதைவிட நல்ல சிறுகுழுப் பயணம் எது?

பாடசாலை அதிபர்களும் வாலிபர் சங்கத்தாரும் இதைச் சிந்திக்கவேண்டுகிறேன். பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு சிறிய வண்டி, பத்துப்பேர், வழி தெரிந்த ஒருவர், கேட்கும் மனம், இவை போதும்.